ஊதா வாரங்கள்: ஹாம்பர்க்கிலிருந்து ஹாலே வரை

நவம்பர் 30, ஞாயிறு – ஹாம்பர்க்

காலை எட்டு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வந்தது. மாலை நாலு மணிக்கு மறுபடியும் இருட்டு. நடுவில் பகல் என்று வந்ததும் மேகத்துக்குள்ளேயே இருந்துவிட்டுப் போய்விட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் வாசகங்களில் இருள், விழிப்பு, விடியல் என்று வருவதையெல்லாம் நாகர்கோவிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுப் பழகியவன் நான். இங்கே கேட்டால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது.

ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் மரியன்னை பேராலயம். ஊதா உடை, "உன்னதங்களிலே" பாடல் கிடையாது, ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றும் நாலு திரி வளையத்தில் ஒரே ஒரு மெழுகுதிரிக்கு மட்டும் சுடர். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நம் ஊரில் மூன்று ஊதா, ஒரு ரோஸ் என்று திரி வைப்போம். இங்கே கடைகளில் பார்த்த வளையங்களில் நான்கும் பெரும்பாலும் சிவப்பு.

இரண்டாம் வாசகம் உரோமையர் 13. தூக்கம் விட்டு எழ வேண்டிய நேரம் இது, இரவு முடியப் போகிறது என்று பவுல் எழுதுகிற பகுதி. 386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அகுஸ்தீன் அழுதுகொண்டிருந்தபோது, "எடுத்து வாசி, எடுத்து வாசி" என்று பக்கத்திலிருந்து ஒரு சிறுபிள்ளைக் குரல் கேட்டது. அவர் புத்தகத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டவை இந்தப் பகுதியின் கடைசி இரண்டு வசனங்கள்தான். களியாட்டமும் குடிவெறியும் போதும், கிறிஸ்துவை அணிந்துகொள்ளுங்கள் என்பவை. முப்பது வயது தாண்டிய, கெட்டிக்காரரான, தன்னைத் திருத்திக்கொள்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒரு மனிதர் அன்றைக்குத் திரும்பினார். வழிபாட்டு ஆண்டின் முதல் நாளுக்கு இந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் விவரமானவர்கள்.

ஆமாம், இன்றைக்குத்தான் திருச்சபைக்குப் புத்தாண்டு. வாணவேடிக்கை எதுவும் இல்லை. அதற்கு முந்தின ஞாயிறு இங்குள்ள லூத்தரன் கோயில்களில் இறந்தோர் ஞாயிறு. அந்த ஆண்டில் காலமானவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். அது கழிந்த பிறகுதான் கிறிஸ்மஸ் சந்தை திறக்க வேண்டும் என்பது பல ஊர்களில் இன்னமும் நடைமுறை. ஆண்டு கல்லறையில் முடிந்து, ஒரு திரியில் தொடங்குகிறது.

வளையமும் நட்சத்திரமும் பிறந்த ஊர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தங்கை மகள் லைப்சிக்கில் படிக்கப் போனது சாக்காகக் கிடைத்தது. தங்கை கொடுத்துவிட்ட முறுக்கு டப்பா பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 1, திங்கள் – ஹாம்பர்க், ஹார்ன்

கிழக்குப் பக்கம் போகிற நிலத்தடி ரயிலில் ஏறினால் "ரௌஹெஸ் ஹவுஸ்" என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. அந்தப் பெயருள்ள வீட்டில்தான் 1833இல் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற 25 வயது இறையியல் பட்டதாரி, ஹாம்பர்க் சேரிகளில் திரிந்த சிறுவர்களைக் கூட்டிவைத்து ஒரு இல்லம் தொடங்கினார். பழைய வீடு உலகப் போரின் குண்டுவீச்சில் போய்விட்டது. இப்போது இருப்பது அதே மாதிரியில் பின்னால் கட்டியது; கூரை வேய்ந்த சின்ன வீடு. சுற்றிலும் இன்றைக்கும் அந்த நிறுவனத்தின் சமூகப்பணி நடக்கிறது.

"கிறிஸ்மஸ் எப்போ, கிறிஸ்மஸ் எப்போ" என்று பையன்கள் தினமும் நச்சரித்தார்களாம். 1839இல் விஹெர்ன் ஒரு பெரிய மரச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அதில் 20 சின்னச் சிவப்புத் திரிகளையும் 4 பெரிய வெள்ளைத் திரிகளையும் நட்டார். வார நாளுக்குச் சிவப்பு, ஞாயிற்றுக்கு வெள்ளை. மாலை வழிபாட்டில் நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். அந்த ஆண்டு திருவருகைக் காலம் டிசம்பர் 1இல் தொடங்கியது, அதனால் 24. இந்த ஆண்டு நவம்பர் 30இலேயே தொடங்கிவிட்டதால் சிவப்பு 21 வேண்டும். பச்சைக் கொப்புகள் சுற்றுவதும், நாலு திரியோடு நிறுத்திக்கொள்வதும் பிற்பாடு வந்த பழக்கம். கத்தோலிக்கக் கோயிலுக்குள் வளையம் நுழைந்ததே 1925இல், கொலோன் நகரில் என்கிறார்கள். நாம் ஆதிகாலத்து வழக்கம்போல் மந்திரித்து வைப்பதற்கு வயது நூறுதான்.

அந்தப் பையன்களை யோசித்துப் பார்த்தேன். சேரியில் வளர்ந்த பிள்ளைக்கு "நாளைக்கு" என்பது பெரியவர்கள் வாயில் வருகிற பொய். நாளைக்குச் சாப்பாடு, நாளைக்கு அப்பா வருவார். அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் "பொறுத்திரு" என்று ஆன்மீகம் பேசினால் காது கேட்குமா? விஹெர்ன் பேசாமல் சக்கரத்தைத் தொங்கவிட்டார். இன்றைக்கு ஒன்று ஏற்றினோம், நாளைக்கு இன்னொன்று ஏற்றுவோம் என்றார்; மறுநாள் உண்மையிலேயே ஏற்றினார். சொன்ன வாக்கு இருபத்துநாலு நாள் தவறாமல் நிறைவேறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஒரு பிள்ளைக்குக் காத்திருக்கத் தைரியம் வரும். 1848இல் விட்டன்பர்க் நகரில் இதே விஹெர்ன் எழுந்து நின்று, ஏழைகளை விட்டுவிட்டு என்ன திருச்சபை என்று சபைத் தலைவர்களை உலுக்கியதும் இதோடு சேர்ந்ததுதான்.

வரும் வழியில் ஒரு கடையில் மின்விளக்கு வளையம் பார்த்தேன். நாலு பல்பு. ஸ்விட்சைப் போட்டால் நாலும் ஒன்றாக எரியும்.

டிசம்பர் 3, புதன் – ரயிலில்

மழை. லைப்சிக் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். பயணிகள் யாரும் சத்தம் போடவில்லை, கைப்பையிலிருந்து பின்னல் வேலையை எடுத்தவர்கள்கூட உண்டு. நான் முறுக்கு டப்பாவைத் திறந்தேன்.

டிசம்பர் 4, வியாழன் – லைப்சிக்

இன்று புனித பார்பரா திருநாள். 1969இல் உரோமைப் பொது நாட்காட்டியிலிருந்து இவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியின் பூக்கடைக்காரர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. சந்தை மூலையில் ஒரு பாட்டியம்மா செரி மரக் கொப்புகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். இலை கிடையாது, பழுப்பு நிறம், நம் ஊரில் அடுப்பெரிக்கத்தான் வாங்குவோம்.

டிசம்பர் 4இல் வெட்டித் தண்ணீரில் வைத்தால் கிறிஸ்மஸுக்குப் பூக்கும் என்பது வழக்கம். பார்பராவைச் சிறைக்கு இழுத்துப் போகும்போது ஒரு கொப்பு அவர் உடையில் மாட்டிக்கொண்டது, அதைத் தன் குவளைத் தண்ணீரில் வைத்திருந்தார், தலை வெட்டப்படும் நாளில் அது பூத்தது என்று கதை. தண்டனையை நிறைவேற்றியதும் பெற்ற தகப்பனே.

மருமகள் விவரம் கேட்டுச் சொன்னாள். அந்தப் பாட்டியம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் உறைபெட்டி இருக்கிறதா?"

"எதுக்கு மாமா ஃப்ரீசர்னு நானும் கேட்டேன். இந்த வருஷம் இன்னும் சரியா பனி விழலையாம். குளிர் படாத கொப்பு பூக்காதாம். ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல போட்டுட்டு அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில ஊற வைக்கணுமாம்."

விடுதியில் உறைந்த பரோட்டா பாக்கெட்டுகளுக்கு நடுவே கொப்பைச் சாய்த்து வைக்க நாங்கள் பட்ட பாடு தனி. நுனியை இரண்டு இடத்தில் ஒடிக்க வேண்டியதாகிவிட்டது. பிறகு அவளே தேடிப் பார்த்தாள்: செரியின் பூமொட்டு கோடையிலேயே கிளைக்குள் உருவாகிவிடுகிறது. அப்புறம் அது தூங்கும். போதுமான அளவு குளிர் பட்டால்தான் தூக்கம் கலையும். குளிரே படாமல் வெறும் சூடு கொடுத்தால் மொட்டு அசையாது. ஒடித்த நுனியில் ஒரு மொட்டை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். வெளியே பிசின் தடவியதுபோலச் செதில் செதிலாக மூடியிருக்கிறது. உள்ளே கடுகளவு ஈரப் பச்சை. எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

எங்கள் பங்கில் திருவருகைத் தியானத்துக்கு வருகிற குருக்கள் மனமாற்றம் என்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஏதோ ஒன்றை உள்ளே வாங்கிக்கொள்வதுபோலப் பேசுவார்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் இந்த மொட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி – லைப்சிக்

மாலை 6 மணிக்குப் புனித தோமா ஆலயத்தில் மோட்டட் வழிபாடு, பாடகர் குழு பாடுகிற இசை வழிபாடு. வெள்ளியும் சனியும் நடப்பது. இருபது நிமிடம் முன்னால் போனோம். தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. இசை கேட்க வந்தவர்கள்தான் அதிகம், இருந்தாலும் ஜெபத்தின்போது ஒரு ஆள் ஃபோனைத் தொடவில்லை. முடிந்து கூட்டம் கலைந்ததும் பீடத்தருகே போய்ப் பார்த்தோம். தரையில் ஒரு வெண்கலப் பலகை, பெயர் மட்டும். யோஹான் செபாஸ்டியன் பாக். அவருடைய எலும்புகளை 1950இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

பாக் 1723இல் இந்த ஊருக்கு இசைப் பொறுப்பாளராக வந்தார். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்குக் கன்டாட்டா (குரலும் வாத்தியமும் சேர்ந்த வழிபாட்டு இசை) கொடுக்க வேண்டிய வேலை. திருவருகையின் முதல் ஞாயிறு வரைக்கும் அது நடக்கும். இரண்டாம் ஞாயிறிலிருந்து கிறிஸ்மஸ் வரை லைப்சிக் கோயில்களில் வாத்தியக் குழுவோடு கன்டாட்டா பாட அனுமதி கிடையாது. சபையார் பாடும் பாட்டு உண்டு, அவ்வளவுதான். ஐரோப்பாவின் ஆகப் பெரிய இசைக்காரரை வைத்துக்கொண்டு, மூன்று ஞாயிறு அவரைச் சும்மா இருக்கச் சொன்ன ஊர் இது. அவர் சும்மாவா இருந்திருப்பார், கிறிஸ்மஸுக்கு எழுதிக் குவித்திருப்பார். ஆனால் சபையின் காதுக்கு அது விரதம். அதற்குப் பிறகு டிசம்பர் 25 காலையில் எக்காளமும் முரசும் சேர்ந்து எழும்பினால் எப்படி இருந்திருக்கும்!

அந்த ஒற்றை முதல் ஞாயிற்றுக்கு அவர் 1714இலேயே வைமாரில் எழுதிய கன்டாட்டாவை 1723இல் இங்கேயும் பாடவைத்தார். அன்றைய வழிபாட்டு முறையை, எது முன்னால் எது பின்னால் என்று, அந்த இசைத்தாளிலேயே குறித்து வைத்திருக்கிறார். புது ஊர், புது முறை, மறந்துவிடக் கூடாதே என்று எழுதியிருக்க வேண்டும். அதன் நடுவில் ஒரு சின்னப் பகுதி வருகிறது. மருமகள் ஒரு காதுக்கும் நான் ஒரு காதுக்குமாக இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு வெளியே நின்று கேட்டோம். திருவெளிப்பாட்டு நூலின் வசனம்: "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்." கனத்த ஆண்குரல் ஒன்று பாடுகிறது. கீழே தந்தி வாத்தியங்களை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகிறார்கள். டக், டக், டக். ஒரு நிமிடம்கூட முழுதாக ஓடாது என்று நினைக்கிறேன்.

"மாமா, இதுல காத்திருக்கிறது நாம இல்லையே, அவர்தானே?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான். வருகிறவரை நோக்கி நாம் காத்திருக்கிறோம் என்றுதான் டிசம்பர் முழுக்கப் பேசுகிறோம். இந்தப் பாட்டில் அவர் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. வெளியே நிற்கிறார். உள்ளே சத்தம் அதிகமாக இருந்தால் சுண்டுகிற ஒலி எப்படிக் கேட்கும்? லைப்சிக்காரர்கள் மூன்று வாரம் இசையை நிறுத்தியது இதற்குத்தான் என்று எனக்கு அங்கே நின்றபோது தோன்றியது.

அந்தக் காலத்தில் திருவருகை வாரங்களில் திருமணக் கொண்டாட்டத்துக்கும் தடை இருந்தது. நம் பங்குகள் பலவற்றில் இன்னும் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியில் கல்யாணம் வைக்காமல், விடியலில் எழுந்து பாடிக்கொண்டு, தைக்காகக் காத்திருக்கிற ஊர்க்காரனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அப்படி இருந்தும் நாம் செய்கிற காரியத்தைப் பாருங்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே கேரல் ரவுண்ட்ஸ். சான்டா வேடம், ஸ்பீக்கர் கட்டிய வண்டி, "பிறந்தார் பிறந்தார்" என்று ஒரே முழக்கம். பதினைந்தாம் தேதிக்குள் அலுவலகம், சங்கம், பள்ளி என்று நாலு கேக் வெட்டியாகிவிடும். 25 காலையில் பிறப்புப் பாட்டு பாடும்போது தொண்டையும் கட்டி, மனசும் சலித்திருக்கும். இங்கேயும் யோக்கியம் கிடையாது. பாக் டிசம்பர் 25 தொடங்கி ஜனவரி 6 வரை பகுதி பகுதியாகப் பாட எழுதிய கிறிஸ்மஸ் ஒரடோரியோவுக்கு இப்போது டிசம்பர் முதல் வாரத்திலேயே டிக்கெட் விற்கிறார்கள்.

டிசம்பர் 6, சனி – டிரெஸ்டன், புல்ஸ்னிட்ஸ்

புனித நிக்கோலாஸ் திருநாள். விடுதித் தாழ்வாரத்தில் நேற்றிரவே யாரோ எல்லா அறை வாசலிலும் இருந்த செருப்புகளுக்குள் ஆரஞ்சும் சாக்லெட்டும் போட்டிருந்தார்கள். அதிகாலையிலேயே டிரெஸ்டன் கிளம்பிவிட்டேன்.

டிரெஸ்டன் கிறிஸ்மஸ் சந்தை 1434இல் தொடங்கியது. இன்றைக்கு மாதம் முழுக்க ஒரே நெரிசல். ஆரம்பத்தில் கிறிஸ்மஸை ஒட்டி ஒரே ஒரு நாள் சந்தைதான்; விரதம் முடிந்த சனங்கள் விருந்துக்கு இறைச்சி வாங்குவதற்காக. விரதத்தின் மறுகரையில் நின்ற கடை, வருடா வருடம் முன்னால் நகர்ந்து நகர்ந்து விரதத்தையே விழுங்கிவிட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்ஸின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11இலிருந்து கிறிஸ்மஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் விரதம் என்று விதித்தார். விரதம் தொடங்குமுன் கடைசி விருந்தாக இங்கே வாத்து வறுத்துச் சாப்பிட்டார்கள். விரதம் போயே போய்விட்டது. நவம்பர் 11 வாத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

டிரெஸ்டன் ஸ்டோலனுக்கும் இதே வரலாறு. சர்க்கரைத்தூள் மூடிய, திராட்சை நிறைந்த ரொட்டி. விரத காலத்தில் வெண்ணெயும் பாலும் கூடாதென்பதால் முதலில் மாவு, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய் போட்டுத்தான் செய்தார்கள். அந்த எண்ணெய் சகிக்கவில்லை என்று இளவரசர்கள் உரோமைக்கு மனு மேல் மனு போட, 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார், காணிக்கை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெண்ணெயும் சர்க்கரையுமாக வாயில் கரைகிறது. திருத்தந்தையைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மதியத்துக்கு மேல் உள்ளூர் ரயிலில் புல்ஸ்னிட்ஸ். சின்ன ஊர். விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கிய மிஷனரி சீகன்பால்க் 1682இல் பிறந்த ஊர் என்பதற்காக வந்தேன். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், நோயாளி வேறு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், 1719இல் அங்கேயே இறந்தார். ஜெர்மானியரைக் கேட்டால் இந்த ஊர் மசாலா ரொட்டிக்குத்தான் பேர்போனது, 1558இலிருந்து சுடுகிறார்கள். ஒரு கடையில் பின்கட்டைக் காட்டினார்கள். மாவையும் தேனையும் பிசைந்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அப்படியே வைத்துவிடுகிறார்கள். கல் மாதிரி இறுகிவிடுகிறது. பிறகு அதை உடைத்து மறுபடி பிசைந்து, அப்போதுதான் பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் போடுகிறார்கள். கடைக்காரப் பெண்மணி ஒரு கட்டியைக் கையில் கொடுத்தார். மணமே இல்லை. பக்கத்தில் சுட்டு வைத்திருந்ததோ தெருமுனை வரைக்கும் மணந்தது.

இந்த ஊர்ப் பையன் ஒருவன் ஏலக்காய் விளைகிற நாட்டுப் பக்கமே போய்விட்டான் என்று சொன்னேன். "யார், சீகன்பால்க்கா?" என்றார் உடனே. பெயர் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு – ஹெர்ன்ஹூட்

நேற்றிரவு லோபாவில் தங்கி, காலை முதல் பேருந்தைப் பிடித்தேன். ஹெர்ன்ஹூட்டுக்கு இப்போது பயணிகள் ரயில் கிடையாது.

1722இல் மொராவியாவிலிருந்து மதத்துக்காக ஓடிவந்த அகதிகள் கட்டிய ஊர். நிலம் கொடுத்தவர் கோமகன் சின்சென்டார்ஃப். வந்த ஐந்து வருடத்துக்குள் அவர்களுக்குள்ளேயே பயங்கரச் சண்டை. யார் சொல்வது சரியான போதனை, யார் எந்தச் சபை என்று. 1727 ஆகஸ்ட் 13இல் ஒரு நற்கருணை வழிபாட்டில் எல்லோரும் அழுது ஒப்புரவானார்கள். அந்த நாளைத்தான் தங்கள் சபை புதிதாகப் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அடுத்த ஐந்தே வருடத்தில் கரீபியன் தீவுகளுக்கு ஆள் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள், பொறையாறு பக்கம் தோட்டம் போட்டு நாற்பது வருடம் போல இருந்தார்கள். காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது.

ஆலயம் என்று சொல்வதைவிட மண்டபம் என்று சொல்லலாம். சுவர், பெஞ்சு, தூண் எல்லாம் வெள்ளை. பீடமில்லை, பிரசங்க மேடையில்லை, ஒரு மேசை. கூரையிலிருந்து பெரிய நட்சத்திரம். சுரூபமும் பூவும் பட்டுத்துணியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதல் ஐந்து நிமிடம் என்னவோ போல இருந்தது. பாடத் தொடங்கியதும் அது மறந்துவிட்டது. நான்கு குரலில் பாடுகிறார்கள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சாதாரண ஆட்களே.

நட்சத்திரத்தின் கதை இந்த மிஷனரிகளின் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. அப்பா அம்மா கிரீன்லாந்திலோ சூரினாமிலோ இருப்பார்கள். பிள்ளைகளை ஏழு வயதுபோல் இங்கே விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதம் வர மாதக்கணக்காகும். பல பிள்ளைகள் பெற்றோரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீஸ்கி ஊரின் விடுதிப் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகக் காகிதத்தில் நட்சத்திரம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம் முதல் திருவருகை ஞாயிறில் நட்சத்திரம் செய்வது விடுதி வழக்கமாகிவிட்டது. மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் பெற்றோரின் தியாகத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பசையும் காகிதமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஏழு வயசுகளிடம் யார் கேட்டார்கள்? எனக்கு இந்த விஷயத்தில் சமாதானம் வரவில்லை. அவர்கள் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் திருவருகைக்கு ஜெர்மனி முழுக்க வாசலில் ஏற்றுவது அவர்கள் செய்ததைத்தான்.

ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டம். கோமகன் குடும்பத்துக்கு மட்டும் கொஞ்சம் உயர்ந்த கல். மற்ற எல்லோருக்கும் தரையோடு தரையாக ஒரே மாதிரிப் பலகை.

டிசம்பர் 8, திங்கள் – ஹெர்ன்ஹூட்

அமலோற்பவ அன்னை திருநாள், சுற்றுவட்டாரத்தில் திருப்பலி கிடைக்கவில்லை. நட்சத்திரப் பட்டறையைப் பார்த்தேன். 25 கூம்புகள், அதில் 17 நாற்கோண அடி, 8 முக்கோண அடி. காகிதத்தை மடித்து விளிம்பில் பசை தொட்டு விரலால் ஒரு நீவு. ஒரு பெண்மணி எங்களோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் செய்துகொண்டிருந்தார். பிரித்து அடுக்கியது ஒன்று வாங்கியிருக்கிறேன், வெள்ளை. பெட்டியில் முறுக்கு காலியான இடத்துக்குச் சரியாக இருக்கிறது.

டிசம்பர் 10, புதன் – ஹாலே

நேற்று லைப்சிக் திரும்பி, இன்று காலை ஹாலே. பக்கத்தூர். ரயிலில் அன்றைய வாசகத்தை ஃபோனில் திறந்தேன். திருவருகை இரண்டாம் வாரம் புதன்: எசாயா 40, 25 முதல் 31 வரை.

ஹாலேயில் ஃபிராங்கே அறக்கட்டளைக் கட்டடத்தின் முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தால், முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கிற இரண்டு கழுகுகள், கீழே ஒரு வசனம். அதே எசாயா 40:31. லூத்தரன் நண்பர்கள் வீட்டுக் காலண்டரில் பார்த்துப் பார்த்து நமக்கும் மனப்பாடமானது: "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்."

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஊர்க் குருவாக இருந்தபோது, 1695இல் காணிக்கைப் பெட்டியில் 4 தாலர் 16 குரோஷன் விழுந்தது. அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698இல் இந்த அனாதை இல்லத்துக்கு அடிக்கல். கையில் பணம் சேர்ந்த பிறகு கட்டியதல்ல. அடுத்த வாரக் கூலிக்கு எங்கே போவது என்று தெரியாமல் கட்டியது. அப்படிப்பட்டவர் உச்சியில் எழுதிவைத்த வசனம் என்பதால் அதை அலங்காரமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காத்திருக்கிறவன் சும்மா கிடக்கிறான் என்று யாராவது சொன்னால் இந்தக் கட்டடத்தைக் காட்டலாம். பெலன் வந்த பிறகு எழும்பலாம் என்று ஃபிராங்கே உட்கார்ந்திருக்கவில்லை. காத்திருக்கிற வேலையைச் செய்யச் செய்யத்தான் பெலன் வந்தது. ஹாம்பர்க்கில் விஹெர்ன் செய்ததும் இதே வழியில் நூற்றிச்சொச்சம் வருடம் கழித்து.

மேல்மாடியில் 18ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்காகச் சேர்த்த அபூர்வப் பொருள் அறை, அப்போதைய அலமாரிகளோடு அப்படியே இருக்கிறது. கூரையில் முதலை தொங்குகிறது. சங்கு, சிப்பி, மிருக எலும்பு. ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ஓலைச் சுவடி. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய தமிழ்ச் சுவடிகளின் பெரிய தொகுப்பு இங்கேதான் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. புள்ளி வைக்காத எழுத்து, எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வரியைப் படிக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

1713இல் தமிழ் அச்செழுத்துகள் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பியதும் இந்த ஊர்தான். மறு ஆண்டு புதிய ஏற்பாடு அச்சாகத் தொடங்கியது. பழைய ஏற்பாட்டில் சீகன்பால்க் ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு இறந்துபோனார். எசாயாவுக்கு அவர் வந்து சேரவே இல்லை. படித்த காலத்தில் இந்த முகப்பின் கீழே எத்தனை முறை நடந்திருப்பாரோ, அந்த வசனத்தைத் தமிழில் அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. மீதியைப் பெஞ்சமின் ஷுல்ட்ஸே முடித்தார். 1728க்குள் அச்சாகி முடிந்தது.

மாலையில் ஹாலே ரயில் நிலையத்தில் காப்பியோடு உட்கார்ந்து, எங்கள் பங்குப் பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை எழுதிப் போட்டேன். கேரல் ரவுண்ட்ஸை டிசம்பர் 17க்கு மேல் வைத்தால் என்ன? வழிபாட்டிலேயே 17ஆம் தேதியிலிருந்துதான் வாசகங்கள் பிறப்பை நோக்கித் திரும்புகின்றன. அதுவரைக்கும் ஸ்பீக்கரை இறக்கி வைப்போம், ஞாயிறுக்கு ஒரு திரியாக அன்பியக் கூட்டங்களில் (பங்கின் சிறு குழுக்களில்) ஏற்றுவோம், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்களைக் கூட்டிவருவோம். இந்த ஆண்டு முடியாது, அடுத்த ஆண்டுக்கு.

இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் "ஃபாதர்கிட்ட பேசிக்கலாம்" என்றார். செயலாளர் மட்டும் சரியான இடம் பார்த்து அடித்தார்: "அண்ணாச்சி, 17க்கு மேல அரையாண்டுப் பரீட்சை நடக்கும். பாட பிள்ளைகள் எங்கே வரும்? பரீட்சை முடிஞ்சு 23, 24 ரெண்டே நாள்ல எல்லா அன்பியத்துக்கும் போய் முடிக்க முடியுமா?"

இரண்டு வண்டி எடுத்து, வடக்குத் தெருவையும் கடற்கரைத் தெருவையும் பிரித்துக்கொண்டால் முடியும் என்று பதில் போட்டிருக்கிறேன். இரண்டாவது வண்டிக்கு யார் பணம் தருவது என்று இப்போது கேட்கிறார்.